இடப்பக்கத்துக் கோடுகள்

மறந்துவிட்டேன். மூன்று கண்ணாடிகளுக்கு நடுவில் இந்தச் சின்னப் பலகை மேடையில் ஏறி நின்று, தையற்காரர் மொராக் பின்னாலிருந்து ஜாக்கெட்டை என் தோளில் ஏற்றி, முன்னால் வந்து இரண்டு விளிம்புகளையும் இழுத்துப் பொருத்திய பிறகுதான் தெரிகிறது. வலப்பக்கம் துணி திரண்டு நிற்கிறது. இடப்பக்கம் உள்ளே விழுந்து, யாரோ பெருவிரலால் அமுக்கிவிட்டது போல ஒரு குழி. குழியைச் சுற்றிச் சுருக்கம். சுருக்கத்துக்குள் மஞ்சள் கோடு போய் ஒளிந்துகொண்டு கீழே எங்கேயோ வேறு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. குளியலறையில், முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், வெள்ளைத் துவாய்க்கு மேலே அது கிடக்கும். காலையில் நான்தான் சவர்க்காரம் போட்டுக் கழுவி வைத்தேன். சிலிக்கோன் மார்பு, வேர்வை பட்டால் ஒட்டும், ஒருநாள் விட்டு ஒருநாள் கழுவ வேண்டும். கழுவினேன், காயட்டும் என்று வைத்தேன், சீப்பால் தலை இழுத்தேன், ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்துக்கொண்டே குளிர் மேலங்கியைக் கொளுவிக்கொண்டு காரில் ஏறிவிட்டேன். ஐந்து வருடத்தில் ஒருநாள் மறந்ததில்லை. வாசலில் தபால்காரர் மணி அடித்தாலும் ஓடிப்போய் அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் கதவைத் திறப்பேன். மூக்குக் கண்ணாடியை, வீட்டுத் திறப்பை, போனை, எல்லாவற்றையும் மறந்திருக்கிறேன், இதை மட்டும் மறந்ததில்லை. இன்றைக்குக் காரை விட்டிறங்கி, நெஸ் ஆற்றுப் பாலத்தைக் கடந்து, பாண் வாங்கி, பாண்கடைப் பெண்ணோடு மழையைப் பற்றிக் கதைத்து, இந்த இன்வர்னெஸ் நகரத்தில் முக்கால் மணித்தியாலம் ஒரு பக்கத்தோடு நடந்து திரிந்திருக்கிறேன். எப்படி மறந்தேன்?

மொராக் ஒரு அடி பின்னுக்குப் போய் நின்று பார்க்கிறார். அறுபது வயதிருக்கும் பெண்மணி. நரைத்த மயிரை ஆண்களைப் போல வெட்டியிருக்கிறார், இடது மணிக்கட்டில் கட்டியிருக்கும் சின்னத் தலையணையில் குண்டூசிகள் நிறைந்து நிற்கின்றன. "அன்றைக்கு அளவெடுத்தபோது இது வேறு மாதிரி இருந்தது," என்கிறார். கேள்வி கேட்கிற குரல் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொல்கிறார். எனக்குக் காது சுடுகிறது. அன்றைக்கு அவர் நாடாவைச் சுற்றிப் பிடித்தபோது நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன், அவருடைய விரல் பட்டுவிடுமோ, பட்டால் வித்தியாசம் தெரிந்துவிடுமோ என்று. தெரியவில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று எழுதிக்கொண்டார், நான் தேர்வில் பார்த்தெழுதி அகப்படாமல் தப்பிய பிள்ளை மாதிரி வீட்டுக்குப் போனேன். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். "வீட்டில் விட்டுவிட்டு வந்துவிட்டேன்," என்கிறேன். என் வாயால் சொல்லும்போது குடையை விட்டு வந்ததைப் போலத்தான் இருக்கிறது. மொராக் தலையை ஆட்டுகிறார். "ஓ, சரி. எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். இதைப் போடப்போகிற விருந்தன்றைக்கு அதோடு வருவீர்களா, இல்லாமல் வருவீர்களா? எதுவென்றாலும் அதற்கு ஏற்ப நான் வெட்டுவேன்." என்ன கேள்வி இது. இல்லாமல் வருவதா? அப்படி ஒரு வழி இருக்கிறதென்று ஐந்து வருடமாக ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் எனக்குச் சொல்லவில்லை. நான் பையைத் தேடி, போனை எடுத்து இவரை அழைக்கிறேன். என் கணவர் ஞானேந்திரன், பஸ் ஓட்டுபவர், டிப்போவில் எல்லோரும் 'ஜான்' ஆக்கிவிட்டார்கள். ஆற்றங்கரையில் காரோடு இருக்கிறார். "இஞ்சருங்கோ, அதை விட்டிட்டு வந்திட்டன்." "எதையப்பா?" "அதைத்தான்." "எப்பிடி மறந்தனீர்?" கோபமில்லை, அவருக்கும் அதே அதிசயம்தான். "சரி, நீர் அதிலயே நில்லும். நான் போய் எடுத்துக்கொண்டு வாறன். அரை மணித்தியாலம்." பாவம், இன்றைக்கு அவருடைய விடுமுறை நாள்.

அரை மணித்தியாலம். "நாற்காலியில் இருக்கிறீர்களா, நிற்கிறீர்களா?" என்று மொராக் கேட்கிறார். நிற்கிறேன். இருந்தால் வெள்ளை நூல் எல்லாம் விட்டுவிடும் போலிருக்கிறது, இது இன்னும் ஜாக்கெட் ஆகவில்லை, பெரிய பெரிய தையலில் ஓட்டிப் பிடித்திருக்கிற துண்டுகள்தான். அவர் கைகளைத் தூக்கச் சொல்கிறார், இறக்கச் சொல்கிறார், கழுத்துப் பட்டிக்குப் பின்னால் சோக்கினால் ஒரு கோடு இழுக்கிறார். மூன்று கிழமைக்கு முன் இந்த மேசையில்தான் துணி தெரிந்தெடுத்தோம். நான் வந்ததும் வராததுமாகக் கறுப்புத் துணியில்தான் கையை வைத்தேன். தனிக் கறுப்பு, கோடில்லை, கட்டமில்லை. கறுப்பில் குழி தெரியாது, மேடு தெரியாது. மொராக் என்னைப் பார்த்து, "உங்களுக்கோ கணவருக்கோ ஸ்கொட்டிஷ் குடும்பப் பெயர் ஏதும் உண்டா?" என்று கேட்டார். இங்கே ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதற்கென்று ஒரு கட்டத் துணி உண்டல்லவா, அதற்காகக் கேட்டார், எனக்கு அது விளங்கியது. ஆனால் என் காதில் விழுந்தது நம் ஆட்களின் கேள்வி. 'பிள்ளை எந்த ஊர்? எந்தப் பக்கம்? ஆரின்ர ஆக்கள்?' கலியாண வீடுகளில், கடைத்தெருவில், லண்டனில் ஒருமுறை பல் வைத்தியரின் வரவேற்பறையில்கூட. ஊரைச் சொல்ல வேண்டும், ஊரைச் சொன்னால் குறிச்சியைச் சொல்ல வேண்டும், குறிச்சியைச் சொன்னதும் கேட்டவரின் முகத்தில் ஒரு கணக்கு ஓடி முடியும். சுகிர்தமலர் என்ற பெயர் அவர்களுக்கு ஒருபோதும் போதியதாக இருந்ததில்லை. நான் மொராக்கிடம், "இல்லை, ஒன்றுமில்லை," என்று கொஞ்சம் விறைப்பாகத்தான் சொன்னேன். அவர், "நல்லதாகப் போயிற்று, அப்படியானால் பிடித்ததை எடுக்கலாம்," என்று சொல்லி, எட்டுச் சுருள்களை மேசையில் உருட்டிவிட்டார். நல்லதாகப் போயிற்று! அதைக் கேட்டு நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் நின்ற இவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஊரில கட்டுற பளையகாட்டுச் சாரம் மாதிரிக் கிடக்கு," என்றார் தமிழில். அந்தச் சுருள்களுக்குள்தான் இது இருந்தது. நாவற்பழ நிறம். அதற்குள் வாழைக்குருத்துப் பச்சையில் அகலக் கட்டம். கட்டத்துக்கு நடுவில் மெல்லிய ஒரு மஞ்சள் கோடு, ஒரு சொட்டு மஞ்சளைத் தொட்டு ஒரே இழுவையில் இழுத்தது போல. கறுப்பில் இருந்த கை தானாக அதற்குப் போய்விட்டது. வாயில் நாவற்பழத்தின் துவர்ப்புக்கூட வந்துவிட்டது. 'இதில் தெரியும், எல்லாம் தெரியும், கோடு நெளிந்தால் காட்டிக்கொடுக்கும்' என்று மனது சொல்லச் சொல்ல, வாய், "இது," என்றது. இவர் ஆச்சரியமாகப் பார்த்தார். மொராக் சுருளை விரித்து என் தோளில் போட்டுவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார். ஆசைப்பட்டுவிட்டேன், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு துணிக்கு ஆசைப்பட்டுவிட்டேன்.

எங்கள் பைப் வாத்தியக் குழுவுக்கு இந்த நவம்பரில் ஐம்பது வயது நிறைகிறது. விருந்தும் நடனமும். வழக்கமாக நாங்கள் ஊர்வலத்துக்குப் போடுகிற சீருடை குழுவுக்குச் சொந்தம், எல்லோருக்கும் ஒன்று. அன்றைக்குச் சீருடை வேண்டாம், அவரவர் சொந்தக் கட்டத்துணி ஹைலண்ட் உடுப்பில் வர வேண்டும் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறது. எனக்குச் சொந்தமாக அப்படி ஒரு உடுப்பு எங்கே? கறுப்பில் நீளப் பாவாடை இருக்கிறது, மேலுக்கு இந்த ஜாக்கெட். எங்கள் குழு. எவ்வளவு லேசாகச் சொல்கிறேன், எங்கள் குழு என்று. புற்றுநோய்க்காக மார்பை எடுத்த அறுவைச் சிகிச்சை முடிந்து நாலு மாதம் இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அக்குளில் இருந்த கட்டிகளையும் சேர்த்து எடுத்ததால் உள்ளே ஒரு கயிறு இழுத்துப் பிடித்தபடி இருந்தது. உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் சுவரில் விரல்களால் ஏறச் சொன்னாள். ஒவ்வொரு நாளும் சமையலறைச் சுவரில் விரலால் ஏறுவேன், ஒரு கிழமைக்கு ஒரு அங்குலம், பென்சிலால் கோடு போடுவேன். சலித்துப்போய் அழுத ஒருநாள் அவள், "கையைச் சுழற்றுகிற மாதிரிப் பொழுதுபோக்கு ஏதாவது பாருங்களேன், நீச்சல், நடனம், ஏதாவது," என்றாள். நூலகத்து அறிவிப்புப் பலகையில், 'டெனர் மேளம் பழக விருப்பமா? அனுபவம் தேவையில்லை' என்று ஒரு கடதாசி. கீழே வரைந்திருந்த பெண்ணின் கைகள் இரண்டும் தலைக்கு மேலே. அந்தக் கைகளுக்காகத்தான் போனேன். மேளத்தைத் தோள்வாரில் மாட்டி, கம்பளிக் குஞ்சம் மாதிரித் தலையுள்ள இரண்டு தடிகளை விரலில் கயிற்றால் முடிந்து, அடிப்பதைவிடச் சுழற்றுவதுதான் அதிகம். முதல் நாள் வலது கை சுழன்றது, இடது கை இடுப்போடு நின்றது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற கிழவர், தலைமை மேளக்காரர், "சூகி, அந்தக் கை சோம்பேறி, அதற்குத் தினமும் தேநீர் கொடு," என்றார். எட்டாவது மாதம் அது தலைக்கு மேலே போனது. போனதும் அல்லாமல் அங்கே ஒரு வட்டமும் போட்டுவிட்டுக் கீழே வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து பாத்திர அலுமாரியின் மேல்தட்டில் இருந்த பெரிய தாச்சியை இடது கையால் எடுத்துக் காட்டினேன், இவர் கை தட்டினார். ஊர்வலத்தில் ஒருமுறை சிலிக்கோன் நழுவிப் பாட்டுக்கு நடுவில் வயிற்றுக்கு வந்துவிட்டது. கடைத்தெரு முழுக்கச் சனம். முழங்கையை ஒடுக்கி அதை விலாவோடு அமர்த்திப் பிடித்துக்கொண்டே ஒரு மைல் நடந்து அடித்தேன், முடிவில் கிழவர் வந்து, "உன் முழங்கை இன்றைக்குத்தான் சரியாக இருந்தது, எப்போதும் அப்படியே வைத்துக்கொள்," என்றார். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. "என்ன?" என்கிறார் மொராக், குனிந்து விளிம்பில் ஊசி குத்திக்கொண்டே. "ஒன்றுமில்லை," என்கிறேன். பிறகு என்னவோ, சொல்லிவிடுகிறேன். வயிற்றுக்கு நழுவியது, ஒரு மைல், கிழவர் சொன்னது, எல்லாம். மொராக் வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்து வைத்துவிட்டுத்தான் சிரிக்கிறார்.

இந்தக் கதையை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. இவருக்குக்கூட முழங்கையைப் பாராட்டினார்கள் என்றுதான் சொன்னேன், ஏன் என்று சொல்லவில்லை. கிளாஸ்கோவில் நம் ஆட்கள் மண்டபம் எடுத்துப் பொங்கல் விழா வைக்கும்போது சேலை கட்டுவேன். சேலைத் தலைப்பு எப்படியும் இடது தோளில்தானே வரும், மடிப்பைக் கொஞ்சம் தடிப்பமாக வைத்து ஊசி குத்தினால் போதும், ஒரு கண்ணும் கண்டுபிடிக்காது. இந்த வியாதி வந்ததே அங்கே ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தால் முகத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு வருவார்கள், 'ஐயோ, ஏன் பிள்ளை சொல்லேல்லை' என்பார்கள், பிறகு என் முதுகுக்குப் பின்னால் எங்கள் மகளின் கலியாணச் சாதகம் வரைக்கும் போவார்கள். ஆனால் ஜாக்கெட்டுக்குத் தலைப்பில்லை. விருந்தில் நூற்றைம்பது பேர். மேசை மேசையாகப் பார்ப்பார்கள். பார்த்தால்? பார்த்தால் என்ன? பாண்கடைப் பெண் பார்த்தாளா? மேலங்கிக்குள் ஒன்றும் தெரிந்திராது. தெரிந்திருந்தாலும் அவளுக்கு மழைதான் பெரிய விஷயம். இல்லை, அது வேறு, இது வேறு, நடனத்தில் கையைப் பிடித்துச் சுற்றுவார்கள், கிட்ட வருவார்கள். இல்லாமல் வருவீர்களா. அந்தச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. மார்ச்சில் வைத்தியர், ஐந்து வருடம் முடிந்தது, இனி அடுத்த வருடம் பார்க்கலாம் என்று எழுந்து நின்று கை கொடுத்தபோதும் நான் இடது தோளைக் கொஞ்சம் முன்னுக்கு வளைத்துக்கொண்டுதான் கை கொடுத்தேன். அவரே வெட்டியவர். அவருக்கு ஒளித்து என்ன? ஆனாலும் வளைத்தேன். இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன், தோள் வளைந்துதான் நிற்கிறது. முக்கால் மணித்தியாலம் நகரத்தில் நடந்தபோதும் இது வளைந்திருந்ததா? மறந்துபோய் நடந்தேனே, அப்போது எப்படி நடந்திருப்பேன்?

"ஒன்று செய்து பார்க்கட்டுமா?" மொராக்தான். "உங்கள் கணவர் வரும்வரை சும்மாதானே நிற்கிறோம். இது ஓட்டு நூல், பிரித்தால் திரும்பப் போடலாம்." நான் தலையாட்டுகிறேன். அவர் சின்னக் கத்தரிக்கோலால் இடது மார்பில் மடித்துப் பிடித்திருந்த இடத்தை, பெண்களின் சட்டையில் கட்டாயம் வருகிற அந்த டாட்டை, நூல் நூலாக வெட்டி இழுக்கிறார். சின்னச் சின்னச் சத்தம். துணி மூச்சு விடுவதைப் போல விரிகிறது. அவருடைய உள்ளங்கை அந்த இடத்தில், தழும்பின் மேலேயே, சட்டைக்கும் துணிக்கும் வெளியே, மேலிருந்து கீழாக ஒருமுறை நீவுகிறது. நான் சுருங்கவில்லை. சுருங்கப் போகிறேன் என்று காத்திருந்தேன், சுருங்கவில்லை. பக்கவாட்டில் நாலு ஊசி. தோள் மூட்டில் இரண்டு. பிறகு அவர் நிமிர்ந்து, விலகி நின்று பார்க்கிறார். மறுபடி கிட்ட வந்து ஒரு ஊசியை மயிரிழை நகர்த்துகிறார். "இங்கே பாருங்கள்," என்று விரலால் காட்டுகிறார். தோளில் தொடங்கிய மஞ்சள் கோடு நேரே இறங்கி, எங்கேயும் நிற்காமல், வளையாமல், விளிம்பு வரைக்கும் போகிறது. குறுக்குக் கோடு கையிலிருந்து வந்து, மார்பைக் கடந்து, நடுப் பொத்தானில் முடிகிறது. பச்சைக் கட்டங்கள் நாலு மூலையும் முழுதாக ஒன்றன்கீழ் ஒன்று. வலப்பக்கம் அப்படி இல்லை. டாட் வருகிற இடத்தில் கட்டம் ஒடிந்து, கோடு ஒரு விரல் தள்ளிப்போய்த்தான் திரும்பத் தொடங்குகிறது. "முப்பத்தெட்டு வருடமாகப் பெண்களுக்கு இந்தத் துணியை வெட்டுகிறேன்," என்கிறார் மொராக். "எப்படி வெட்டினாலும் மார்பில் வந்ததும் கட்டம் முறியும். ஆண்களுக்கு வெட்டுகிறவர்களைப் பார்த்து எனக்கு எரிச்சல், அவர்களுக்கு எல்லாம் நேர்க்கோடு. ஒரு பெண்ணின் ஜாக்கெட்டில் இது தோளிலிருந்து அடிவரை முழுதாக ஓடி நான் பார்த்ததே இல்லை. பாருங்கள், எவ்வளவு சுத்தமாக..." திடீரென்று நிறுத்துகிறார். கழுத்து சிவக்கிறது. "மன்னியுங்கள். நான் துணியைப் பற்றித்தான் சொன்னேன்." "துணியைப் பற்றியே சொல்லுங்கள்," என்கிறேன். என் குரல் எனக்கே புதிதாக இருக்கிறது. "இன்னும் சொல்லுங்கள்."

அவர் சொல்கிறார். சட்டைப்பையின் மூடியை எந்தக் கட்டத்தில் வைத்தால் கோடு அதன் மேலேயும் தொடரும், பொத்தான் வெள்ளி நிறமா கொம்பா, கழுத்துப் பட்டி எவ்வளவு ஒடுக்கம். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன், கண் கண்ணாடியை விட்டு வரவில்லை. இத்தனை வருடமும் அந்தப் பக்கத்தில் ஒன்று இல்லை என்றுதான் பார்த்தேன். சட்டை மாற்றும்போது, குளிக்கும்போது, இல்லை, இல்லை என்று. இப்போது அங்கே ஒரு கோடு ஓடுகிறது, தோளிலிருந்து அடிவரை, அது எனக்குச் சரியாகத்தான் இருக்கிறது. "மொராக், இப்படியே தையுங்கள்." "நிச்சயமாகவா? அவர் கொண்டு வந்த பிறகு அதையும் வைத்துப் பார்த்து..." "இல்லை. இப்படியே." சொல்லிவிட்டேன். சொன்ன உடனே பயம் வருகிறது, நூற்றைம்பது பேருக்காக இல்லை, ஒரே ஒருவருக்காக. கட்டுப் போட்டிருந்த காலத்தில் இவர்தான் காயத்தைத் துடைத்தார், குழாயில் வடிந்ததை அளந்து கொப்பியில் எழுதினார். முகம் சுளிக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 'அது', 'அதைத்தான்', இவ்வளவுதான் எங்களுக்குள் அதற்கு இருக்கிற பெயர். இப்போது ஓடிப்போய் அதை எடுத்துக்கொண்டு வருகிற மனிதனுக்கு முன்னால் அது வேண்டாம் என்று நிற்கப் போகிறேன். அவருக்கு வேண்டுமாக இருந்தால்? விருந்தில் பக்கத்தில் நடந்து வருகிறவர் அவரல்லவா. தோள் மறுபடி வளையப் பார்க்கிறது. வளைந்தால் கோடும் வளைகிறது, கண்ணாடியில் உடனே தெரிகிறது. நிமிர்கிறேன். கோடு நேராகிறது.

கதவு மணி ஒலிக்கிறது. இவர் வருகிறார், மேலங்கியெல்லாம் மழை, கையில் கடைப் பை, பைக்குள் துவாயால் சுற்றிய உருண்டை. ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. "துவாயோடயே சுத்திக்கொண்டு வந்தனான், ஊத்தை பிடிக்கக் கூடாதெண்டு," என்று பையை நீட்டுகிறார். "இஞ்சருங்கோ," என்கிறேன், "அதைப் பையிலயே வைச்சிருங்கோ. நான் இதை இப்பிடியே தைக்கச் சொல்லிப்போட்டன்." நீட்டிய கை நீட்டியபடி நிற்கிறது. அவர் என்னைப் பார்க்கிறார். முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்க்கிறார், இடப்பக்கம், வலப்பக்கம், திரும்ப இடப்பக்கம். கிட்ட வருகிறார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொள்கிறார், பஸ்ஸில் புது வழித்தட வரைபடத்தைப் பார்க்கிறபோது பார்ப்பாரே, அப்படி, கோட்டைப் பிடித்துக்கொண்டே கண் மேலிருந்து கீழே இறங்குகிறது. மொராக் ஒரு பக்கமாக ஒதுங்கி ஊசிகளைத் தலையணையில் திருப்பித் திருப்பிக் குத்துகிறார். "இஞ்ச பாரும், சுகி," என்கிறார் கடைசியாக. "இந்தப் பக்கம் ஒரு கோடும் முறியேல்லை. மேலயிருந்து அடி வரைக்கும் ஒரே நேர். நல்ல வேலைகாரிதான் இந்த மனுசி." பிறகு வலப்பக்கத்துக்கு வந்து, டாட் மேல் விரலை வைத்து, முகத்தைக் கொஞ்சம் சுளித்து, குரலைத் தாழ்த்துகிறார், மொராக்குக்குத் தமிழ் விளங்கிவிடும் என்பதைப் போல. "ஆனா இதில வந்து கோணுது, கண்டனீரோ? இதையும் மற்றப் பக்கம் மாதிரியே ஆக்க ஏலுமோ எண்டு ஒருக்காக் கேளுமன்." முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் எங்கேயிருந்தோ, வயிற்றுக்கும் கீழேயிருந்து, சிரிப்பு கிளம்புகிறது. பக்கவாட்டில் ஊசி ஒன்று விலாவில் குத்துகிறது, இன்னொன்று, நிறுத்த முடியவில்லை. "அசையாதீர்கள், அசையாதீர்கள்!" என்று மொராக் ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னார்? என்ன சொன்னார்?" என்கிறார். பாதிச் சிரிப்பும் பாதி ஆங்கிலமுமாகச் சொல்கிறேன். அவரும் என் இடுப்பைப் பிடித்தபடியே மேடை விளிம்பில் குந்திவிடுகிறார், தோள் குலுங்குகிறது. இவர் மழை சொட்டச் சொட்ட எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறார். "என்னப்பா? நான் பிழையா ஏதும் சொல்லிப்போட்டனோ?" "இல்லையப்பா," என்கிறேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இன்னொருக்காச் சொல்லுங்கோ."